முதுகுக்குப் பின்னால் இருவர்

நான் சென்டர்.
குனிந்து, பந்தைத் தரையில் அழுத்தி,
கால்களுக்கிடையே பின்னால் கொடுப்பவன்.
நூற்று முப்பத்தெட்டுக் கிலோ.
முதுகுக்குப் பின்னால் பேசுகிறவனை நம்பாதே என்பார்கள்;
என் பிழைப்பே அதுதான்.
எங்கள் கல்லூரியின் இரண்டு குவார்ட்டர்பேக்குகளும்
ஆடி நான் பார்த்ததில்லை.

பார்த்தவர்கள் நிறையச் சொல்கிறார்கள்.
பிளாட் ஆற்றங்கரையில் எங்கள் சிற்றூரில்
முடிவெட்டும் கடை ஒரு கட்சி,
டீசல் போடும் இடம் எதிர்க்கட்சி.
எனக்குத் தெரிந்தது கைகள்.

ஐசாயா பெட்டிஃபோர்டின் கை
எப்போதும் உலர்ந்திருக்கும்.
இடுப்புத் துண்டில் இரண்டு முறை துடைத்துவிட்டுத்தான்
எனக்குக் கீழே நீட்டுவான்,
தபால் பெட்டிக்குள் கை விடுபவன் போல.
குரல் தாழ்ந்தது.
எண்களைச் சில்லறை எண்ணிக் கொடுப்பது மாதிரி சொல்வான்.
பந்து போனதும் அவன் காலடிகள்:
மூன்று, அல்லது ஐந்து.
அப்புறம் நிசப்தம்.
அந்த நிசப்தத்துக்கு நான் சுவர்.
எட்டடிக்கு எட்டடி ஓர் அறை;
மூலை முடுக்கெல்லாம் மனப்பாடம்.
உள்ளே நின்றபடி அவன்
இன்னும் யாரும் வந்து சேராத இடத்துக்குப்
பந்தை அனுப்பிவைப்பான்.
கூட்டம் மூச்சை இழுப்பது முதலில் கேட்கும்.
ஆள் வந்து சேர்ந்த சத்தம் பிறகு.

கோல்ட்டன் வ்ரானா இடக்கையன்.
மேற்கே, சர்க்கரைக் கிழங்கு லாரிகள் ஓடும் மண்ணிலிருந்து வந்தவன்.
அவன் கை ஈரம், சூடு.
கதவு திறப்பதற்குள் நுழைகிற விருந்தாளி மாதிரி முட்டும்.
எண்களைக் கத்துவான்,
பாதி எண்ணில் சிரித்தும் விடுவான்.
பந்து போன மறுகணம் அவன் அங்கே இல்லை.
இடப்பக்கம் ஒருவனை நான் நெட்டித் தள்ளிக்கொண்டிருக்க
வலப்பக்கம் ஒரு காற்று போகும்.
சில நாள் அதே காற்று திரும்பி வந்து
என் தோளில் கை ஊன்றித் தாண்டும்.
காலி வீட்டுக்குக் காவல் நிற்கிறோம் என்று தெரியவே
நாலு நொடி ஆகும் எனக்கு.
அவன் ஆடினால் மறுநாள் விலா வலிக்கும்.
ஐசாயா ஆடினால் கழுத்து.

பந்தின் தையல் ஐசாயாவுக்கு வலப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும்,
கோல்ட்டனுக்கு இடப்பக்கம்.
ஒரு விரற்கடைத் திருப்பம்.
என் வித்தை மொத்தமும் அவ்வளவுதான்.

நவம்பர். மூன்றாம் சனி.
மழையாகவும் இல்லாமல் பனியாகவும் இல்லாமல்
ஏதோ ஒன்று கொட்டுகிறது.
நாலு புள்ளி குறைவு, பதினொரு நொடி மிச்சம்,
எல்லைக்கோட்டுக்கு இரண்டு கஜம்.
ஐசாயாவை வெளியே அழைத்து
கோல்ட்டனை அனுப்பினார் பயிற்சியாளர் ஓல்டர்.
இரண்டு கஜத்துக்குக் காற்றுதானே வேண்டும்.

வட்டம் கூடியபோது கோல்ட்டனின் முகத்தைப் பார்த்தேன்.
சத்தியமாகப் பார்த்தேன்.
ஆனால் குனிந்துவிட்டால் என் மூளை விரலில்.
கீழே வந்த கை
உலர்ந்திருந்தது.

விரல்கள் தாமாகவே
தையலை வலப்பக்கம் திருப்பின.

பந்து அவன் கட்டைவிரலில் இடித்து
சேற்றில் விழுந்தது.
அதன்மேல் ஒன்பது பேர்.

பிறகுதான் தெரிந்தது:
வெளியே போகிற வழியில் ஐசாயா
தன் துண்டை உருவி
அவன் இடுப்பில் செருகியிருக்கிறான்.
"ஈரமா இருக்கு, துடைச்சுக்கோ."
அவ்வளவுதான்.

"என் கைதான் நழுவிடுச்சு" என்றான் கோல்ட்டன்,
மைக்கை நீட்டியவர்களிடம்.
நான் பக்கத்தில்தான் நின்றேன்,
ஹெல்மெட்டைக் கழற்றாமல்.
முடிவெட்டும் கடை ஜெயித்தது.

பேருந்தில் ஐசாயா என் பக்கம் சாய்ந்து
ஒரே சொல் கேட்டான்:
"தையல்?"
தலையசைத்தேன்.
சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை நீட்டினான்.
கோல்ட்டன் முன் இருக்கையில் உறங்கிக்கொண்டிருந்தான்,
வீங்கிய கட்டைவிரலைத் துண்டில் சுற்றி.

திங்கள் காலை ஆறு மணி.
புல்லெல்லாம் உறைபனி.
குனிந்திருக்கிறேன்.
பின்னால் யாரோ வந்து நிற்கிறார்கள்.
கை உலர்ந்திருக்கிறது.
பந்தைத் திருப்பாமல் காத்திருக்கிறேன்,
முதலில் குரல் வரட்டும் என்று.